கேம் விழுந்தது சரி, தள்ளிவிட்டது யார்?

கொல்கத்தாவின் கிடர்பூரில் கம்ப்யூட்டர் கேம் ஓடவில்லை என்றால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். ஃபேன்சி மார்க்கெட் பக்கம் கேட்டால் ரேம் போடச் சொல்வார்கள். சாந்தினி சௌக்கில் கேட்டால் கிராஃபிக்ஸ் கார்டு பழசு என்பார்கள். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்பான். மூன்றுமே சில சமயம் சரிதான். ஆனால் போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய கேம் இன்று லோகோவைக் காட்டிவிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்து நிற்கிறது என்றால், காசை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற புரோகிராம்களை.

இந்தப் பக்கத்து வீடுகளில் அது ரொம்பவே பொருந்தும். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் பக்கத்திலேயே கார்டன் ரீச்சில் இருக்கிறது. ரயில்வே வேலையை நம்பி வந்து இங்கேயே தங்கிவிட்ட தென்னிந்தியக் குடும்பங்கள் உண்டு. மேட்டியாபுருஸ் துணி வியாபாரத்தில் இருக்கிறவர்கள் உண்டு. துறைமுகத்தை ஒட்டி லாரி, கிளியரிங் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. பல வீடுகளில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அப்பாவின் கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அக்காவின் பெங்காலி டைப்பிங், அண்ணனின் இன்ஜினியரிங் ப்ராஜெக்ட், கடைக்குட்டியின் கேம் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். கேமின் பின்னால் ஓடுவது ஏதோ வேண்டாத குப்பை அல்ல, வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பிழைப்பு. அதனால்தான் "எல்லாத்தையும் கில் பண்ணு" என்ற வழக்கமான ஆலோசனை எனக்குப் பிடிப்பதில்லை. எது இடிக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்க முடியும். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு புரோகிராம் இன்னொன்றை எப்படித் தள்ளும்?

பெரும்பாலும் நான்கு வழி.

முதலாவது, திரையில் எழுதுவது. கேம் ஓடும்போதே மூலையில் எஃப்பிஎஸ் எண் காட்டுவது, நண்பர்கள் பேசினால் அவர்கள் பெயர் காட்டுவது, வீடியோ பதிவு செய்வது எல்லாம் ஓவர்லே. வரைந்து முடித்த ஒவ்வொரு படத்தையும் திரைக்கு அனுப்ப டைரக்ட்எக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. விநாடிக்கு 60 படம் என்றால் 60 முறை அந்தக் கட்டளை ஓடும். ஓவர்லே என்ன செய்கிறதென்றால், தன் டிஎல்எல் கோப்பை கேமுக்குள் நுழைத்து, அந்தக் கட்டளையை வழியில் மறித்து, தன் பங்குக்குக் கொஞ்சம் வரைந்துவிட்டு விடுகிறது. ஸ்டீம், என்விடியா, ரிவாட்யூனர் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று மறித்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மூன்று பேர் ஒரே இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் மறிக்கும்போது, யாரோ ஒருவர் தப்பான முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் கேம் அதோடு போச்சு.

இரண்டாவது, காவல். ஆன்டிவைரஸ், ஆட்டத்தில் ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆன்டி சீட், பழைய காலத்துக் காப்பி பாதுகாப்பு.

மூன்றாவது, கீபோர்டும் ஃபோகஸும். ஒரு விசையை இரண்டு பேர் கேட்பது, அல்லது எங்கிருந்தோ ஒரு விண்டோ எட்டிப்பார்த்து கேமை மினிமைஸ் ஆக்குவது.

நான்காவது, பங்கு போதாமை. மெமரி, நெட், டிஸ்க் எல்லாவற்றுக்கும் போட்டி. 8 ஜிபி ரேம், அதில் பாதியை பிரவுசர் பிடித்துக்கொண்டது, பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது என்றால் பிங் ஏறும், கேம் திணறும். இதற்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வரிசைப்படுத்திப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். மற்ற மூன்றும்தான் ஆளைச் சுற்றவிடும்.

விழுந்த விதத்தைப் பாருங்கள்

கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வருகிறதா, முழு மெஷினும் நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறதா என்பது முதல் கேள்வி. கேம் மட்டும் போனால், கேமுக்குள் நுழைந்த ஏதோ ஒரு டிஎல்எல் மேல் சந்தேகம் வைக்கலாம். நீலத்திரை என்றால் கெர்னல் மட்டத்தில் இயங்கும் டிரைவர் ஏதோ ஒன்று சிக்கல் செய்கிறது, இல்லை ஹார்டுவேர். கெர்னலில் உட்கார்ந்திருப்பது தடுக்கி விழுந்தால் மொத்த விண்டோஸும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்ததும், நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்ததும் இதனால்தான்.

அடுத்தது, விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. நாம் கவனிக்காவிட்டாலும் அது எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். கேம் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியுடன் அப்ளிகேஷன் எரர், ஈவென்ட் எண் 1000 என்று ஒரு வரி இருக்கும்.

கார்டன் ரீச் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பார்த்தோம். பையன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, லோகோ வருது, அப்புறம் டெஸ்க்டாப்புக்கே வந்துடுது. எரர்கூட காட்டல."

"கடைசியா புதுசா என்ன போட்ட?"

"எதுவுமே போடல மாமா, சத்தியமா."

அந்த 1000 வரியைத் திறந்தால் நான்கு விஷயம் முக்கியம். விழுந்த அப்ளிகேஷன்: கேமின் பெயர். விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்த மாட்யூல்: கேமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டிஎல்எல். எக்ஸெப்ஷன் எண்: சி0000005, அதாவது தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொடப் பார்த்தது. நான்காவது, அந்த டிஎல்எல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற வழி. அந்த வழியைத் தொடர்ந்து போனால், மதர்போர்டோடு வரும் ஒலி மென்பொருளின் ஃபோல்டரில் போய் நின்றது. சத்தம் போடும் மென்பொருளுக்குக் கேமின் திரையில் என்ன வேலை? எதிரியின் காலடிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று திரையில் அம்புக்குறி காட்டும் வசதி அதில் இருந்தது. பையன் அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் அது ஒவ்வொரு கேமுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்த வசதியை அணைத்தோம், கேம் திறந்தது. ஹெட்ஃபோன் சத்தத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

பையன் சொன்னதும் பொய்யில்லை. அவனாகப் போடவில்லை. ரிலையபிலிட்டி மானிட்டர் என்று விண்டோஸில் ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது அப்டேட் ஆனது, எது விழுந்தது என்று நாள்காட்டி மாதிரி காட்டும். ஒலி மென்பொருள் தானாக அப்டேட் ஆன நாளும் கேம் முதலில் விழுந்த நாளும் அதில் அடுத்தடுத்து இருந்தன.

ஓர் எச்சரிக்கை. மாட்யூல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்டிடிஎல்எல் மாதிரி விண்டோஸின் சொந்தக் கோப்பு இருந்தால், அதுதான் குற்றவாளி என்று நினைத்து அந்தக் கோப்பை இணையத்தில் தேடி டவுன்லோடு செய்யப் போகாதீர்கள். பிணம் கிடந்த இடம் அது, கொன்றது வேறு யாரோ.

பாதி பாதியாகக் குறையுங்கள்

குறிப்பில் ஒன்றும் தெளிவாக இல்லையென்றால் கிளீன் பூட். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று கொடுத்தால் வரும் பெட்டியில் சர்வீசஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறை என்ற கட்டத்தை முதலில் டிக் செய்ய வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் அணைத்தால் வேறு தலைவலி வரும். மீதி இருப்பவற்றில் கிராஃபிக்ஸ் கார்டுக்காரர்களுடையதையும், கேமின் ஆன்டி சீட்டையும் விட்டுவிட்டு மற்றதை அணையுங்கள். ஆன்டி சீட்டை அணைத்தால் கேம் அந்தக் காரணத்துக்காகவே ஓடாது, நீங்கள் இல்லாத ஆளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட். தொடுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதுதான் கைகொடுக்கும்.

சேஃப் மோட் இதற்கு உதவாது. அங்கே கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாது, பெரும்பாலான கேம்கள் திறக்கவும் திறக்காது.

கிளீன் பூட்டில் கேம் ஓடிவிட்டதா? அப்படியென்றால் குற்றவாளி அணைத்தவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் விடிந்துவிடும். பாதியைப் போடுங்கள். ஓடினால் மிச்சப் பாதியில் இருக்கிறது, ஓடாவிட்டால் போட்ட பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டில் ஒன்றில் வந்து நின்றுவிடும்.

இதில் ஒரு நெளிவு உண்டு. சில சமயம் குற்றவாளி ஒருவர் இல்லை, இருவர். இந்த ஓவர்லே தனியாக இருந்தால் சரி, அந்த ஓவர்லே தனியாக இருந்தாலும் சரி, இரண்டும் சேர்ந்தால்தான் விழும். பாதியாக்கும்போது இருவரும் வேறுவேறு பாதியில் போய்விட்டால் இரண்டு பாதியுமே நிரபராதி மாதிரி தெரியும். அப்படி ஆனால் ஒரு பாதியை முழுக்க ஓடவிட்டு, இன்னொரு பாதியை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆள் அகப்படுவார்.

இன்னொன்று: ஷட் டவுன் செய்துவிட்டுத் திரும்பப் போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஷட் டவுன் கொடுக்கும்போது கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்தமுறை அதையே எடுத்துப் போடும். பழைய டிரைவரும் பழைய சிக்கலும் அப்படியே எழுந்து வரும். மெனுவில் இருக்கும் ரீஸ்டார்ட்டைத்தான் அழுத்த வேண்டும்.

காவல்காரர்கள் சண்டை

இந்தச் சண்டைக்குப் பெரிய வரலாறே உண்டு. சிடியில் கேம் வந்த காலத்தில் செக்யூரோம் என்ற காப்பி பாதுகாப்பு பல கேம்களில் இருந்தது. மெஷினில் டீமன் டூல்ஸ் மாதிரி போலி சிடி டிரைவ் ஏதாவது கண்ணில் பட்டால், காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியைப் போட்டாலும் மோதல் என்று சொல்லி கேமைத் திறக்காது. பின்னணியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதற்கான ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் ஓடினால்கூட அதற்கு ஆகாது. அதாவது, கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவியே கோளாறாகிவிட்டது!

2020 ஏப்ரலில் வேலோரண்ட் கேமின் பீட்டா வந்தபோது அதன் வேன்கார்ட் ஆன்டி சீட் மெஷின் எழும்போதே கெர்னலில் ஏறிக்கொண்டு, ஓட்டையுள்ள டிரைவர்களைத் தடுத்தது. அதில் வெப்பநிலை காட்டுகிறவையும் விசிறி வேகத்தை மாற்றுகிறவையும் மாட்டின. எதிர்ப்புக் கிளம்ப, கேமை வெளியிட்ட நிறுவனம் தடுப்பைத் தளர்த்தி, வேண்டாதபோது அணைத்துக்கொள்ள டாஸ்க்பாரில் ஒரு ஐகானும் கொடுத்தது. ஐகானை அணைத்தால் கேமைத் திரும்ப ஆட மெஷினை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். பல பேருக்கு நேற்று ஓடியது இன்று ஓடாத மர்மம் இதுதான், வேறு ஒன்றுக்காக யாரோ அதை அணைத்திருப்பார்கள்.

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை ஆபத்து என்று பிடித்தது. விசிறி, விளக்கு, வெப்பநிலை சம்பந்தப்பட்ட எத்தனையோ கேமிங் மென்பொருள்கள் அந்த ஒரே டிரைவரைப் பயன்படுத்தி வந்தன. டிஃபெண்டர் கத்தியதில் தப்பில்லை, அந்த டிரைவரில் உண்மையிலேயே ஓட்டை இருந்தது. அதனால் டிஃபெண்டரை அணைப்பதல்ல தீர்வு, அந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் போடுவதுதான்.

வீட்டில் அடிக்கடி பார்ப்பது இரண்டு. ஒன்று, இரண்டு ஆன்டிவைரஸ். வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியார் இருவரைப் போட்டால் இருவரும் ஒதுங்க மாட்டார்கள். கேம் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் இருவரும் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கேம் ஓடும் ஆனால் சேவ் ஆகாது. 2017 இறுதியில் விண்டோஸ் 10-இல் வந்த கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற ரான்சம்வேர் தடுப்பை யாராவது போட்டிருந்தால், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத வரும் கேமைத் திருடனாக நினைத்து நிறுத்திவிடும். அப்பாவின் கணக்குகளுக்கு அந்தப் பூட்டு வேண்டும்தான். பூட்டை எடுக்காமல் கேமை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

பென் டிரைவில் கைமாறி வரும் கேமை டிஃபெண்டர் விழுங்கிவிட்டது என்று சொல்லி, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு" என்ற குறிப்போடு வரும் கோப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜிஎஸ்டி டோக்கன் செருகும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள்.

எஃப்12 யாருடையது?

கொல்கத்தாவில் பெங்காலி டைப் செய்கிற வீடு என்றால் அவ்ரோ கீபோர்டு இருக்க வாய்ப்பு அதிகம். வங்கதேசத்தில் மெஹ்தி ஹசன் கான் என்ற மருத்துவ மாணவர் 2003-இல் வெளியிட்டது. அதில் பெங்காலிக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எஃப்12. ஸ்டீமில் கேமைப் படம் பிடிக்கவும் எஃப்12. கேமில் ஒரு நல்ல காட்சியைப் படம் பிடித்துவிட்டுப் பார்த்தால், அதற்கப்புறம் டபிள்யூ, ஏ, எஸ், டி அழுத்தினால் ஆள் நகரவில்லை, சாட்டில் பெங்காலி எழுத்து விழுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டில் ஏதாவது ஒன்றின் செட்டிங்கில் விசையை மாற்றினால் முடிந்தது. தமிழ் டைப் செய்கிற நமக்கும் இதே கதைதான். என்எச்எம் ரைட்டர், அழகி மாதிரியானவை விசைகளை நடுவில் பிடித்துத்தான் தமிழாக்குகின்றன. கேமுக்கு உட்காரும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், அல்லது ஐகானிலேயே வெளியேறிவிடுங்கள்.

ஓடுவதற்கு ஷிஃப்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குதிப்பது பழைய கதை. ஐந்து முறை ஷிஃப்ட் அழுத்தினால் அது வரும், அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் அந்தக் குறுக்குவழியை மட்டும் அணைக்கலாம். இன்னும் மர்மமானது, யாரும் எதையும் தொடாமல் கேம் தானாக மினிமைஸ் ஆவது. 2017-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் ஒரு பின்னணி வேலை இப்படித்தான் மணிக்கொரு முறை ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்சிமிட்டும் நேரம் காட்டி மறைந்து, உலகமெங்கும் கேம்களைக் கீழே இறக்கியது. பிறகு சரிசெய்தார்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த நேரத்துக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

அண்ணனின் ப்ராஜெக்ட்டும் தம்பியின் எமுலேட்டரும்

மொபைல் கேமை ப்ளூஸ்டாக்ஸ் மாதிரி எமுலேட்டரில் பெரிய திரையில் ஆடுகிற பிள்ளைகள் நிறைய. ஒருநாள் அது பாதியிலேயே நின்றுவிடும், அல்லது விர்ச்சுவலைசேஷன் கிடைக்கவில்லை என்று சொல்லும். பயாஸில் போய்ப் பார்த்தால் அது ஆன் ஆகித்தான் இருக்கும். அதே வாரம் அண்ணன் கல்லூரி வேலைக்காக டாக்கர் நிறுவியிருப்பான். டாக்கர் வந்தால் கூடவே விண்டோஸின் ஹைப்பர்வி அடுக்கும் ஏறும். பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை அது முதலில் எடுத்துக்கொண்டால், அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துப்போகத் தெரியாத எமுலேட்டர் வெளியே நிற்க வேண்டியதுதான். நம் கிடர்பூர் டாக்கில் பாலத்தைத் தூக்கிக் கப்பலை விட்டால் பஸ் நிற்க வேண்டியிருக்கிறதே, அதே சங்கதி. இங்கே அண்ணனின் டாக்கரை எடுத்துவிடச் சொல்வது நியாயமில்லை. ஹைப்பர்வியோடு சேர்ந்து ஓடும் எமுலேட்டர் பதிப்பைப் போடுவதுதான் வழி.

அணைக்கும் முன் கேளுங்கள்

கேம் பூஸ்டர் என்ற பெயரில் ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் மூடித்தருகிறேன் என்று வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. எது இடிக்கிறது என்று அது சொல்லாது, எதை மூடியது என்றும் தெளிவாகச் சொல்லாது. அதோடு அதுவும் பின்னால் ஓடும் இன்னொரு புரோகிராம்தான்.

அதைவிட நல்ல ஏற்பாடு விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது: கேமுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட். ஸ்டார்ட்அப்பில் ஏறும் புரோகிராம்களில் பல அந்தந்த யூசருக்கு மட்டும் உரியவை. அக்காவின் அக்கவுண்டில் அவளுக்கென்று ஏறும் கீபோர்டும், அண்ணனின் ஒன்ட்ரைவும், அப்பாவின் சாட் மென்பொருளும் கேம் அக்கவுண்டில் பெரும்பாலும் எழாது. சர்வீஸ்களும் டிரைவர்களும் மட்டும் எல்லோருக்கும் பொது, ஆகவே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. பையனுக்கு அட்மின் உரிமை கொடுக்காவிட்டால் கண்டதையும் நிறுவுவதும் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஸ்விட்ச் யூசர் கொடுத்தால் முந்தைய ஆளின் புரோகிராம்கள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், மெமரியைப் பிடித்துக்கொண்டு. சைன் அவுட் கொடுத்தால்தான் மூடும். அப்பாவைக் கணக்கை சேவ் செய்துவிட்டு சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள், கேமை முடித்ததும் பையனையும் சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள். அடுத்து உட்காருகிறவருக்கும் அதே மெஷின்தானே.